கழுவும் தண்ணீரின் எடை

நான்கு எவர்சில்வர் தட்டு, நான்கு டம்ளர், நான்கு ஸ்பூன், ஒரு குழம்புக் கரண்டி. சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்தபோது 1,620 கிராம் காட்டியது. இந்தக் கணக்கை நான் போட்டது, குடும்பத்தோடு மலைக்காட்டில் நடந்து போய்க் கூடாரம் போட்டுத் தங்கித் திரும்பிய மறுநாள், தோள்பட்டையில் தைலம் தேய்த்துக்கொண்டு. புறப்படும் முன்பு எடைபோடத் தோன்றவே இல்லை. தட்டு வீட்டில் இருக்கிறது, எடுத்துப் பைக்குள் வைத்தோம், அவ்வளவுதான்.

நாங்கள் மெல்போர்னில் இருக்கிறோம். நான், மனைவி, பதினொரு வயது மகள், ஏழு வயது மகன். காரில் சுமார் மூன்று மணி நேரம் தென்கிழக்காகப் போனால் வில்சன்ஸ் புராமன்டரி தேசியப் பூங்கா வரும். நமக்குக் கன்னியாகுமரி எப்படியோ அப்படி, ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் தென்கோடி முனை அந்தப் பூங்காவுக்குள் இருக்கிறது. டெலிகிராஃப் சாடில் என்ற இடத்தில் காரை விட்டுவிட்டு 10 கிலோமீட்டர் நடந்தால் சீலர்ஸ் கோவ் என்ற சிறு விரிகுடா. முதலில் ஏற்றம், பிறகு பெரணி அடர்ந்த காட்டுக்குள் நீண்ட இறக்கம், கடைசியில், நாங்கள் போனபோது, சதுப்பு நிலத்தின்மேல் மரப்பலகைப் பாதை இருந்தது. அங்கே கூடாரம் போட முன்பதிவு வேண்டும். நெருப்பு மூட்டக்கூடாது, எரிவாயு அடுப்பு மட்டும்தான். குப்பைத் தொட்டி கிடையாது. கொண்டுபோனது எதுவானாலும் திரும்பக் கொண்டுவர வேண்டும். இப்படிப்பட்ட பயணத்துக்கு எந்தத் தட்டை எடுத்துப்போவது என்ற கேள்விக்குப் பாதி விடை இந்த விதிகளிலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு நான்கு பயணம் ஆயிற்று.

முதல் பயணத்தில் மதியத்துக்குப் புளியோதரை, இரவுக்குச் சேமியா உப்புமா, அதோடு பொடி கரைத்த சாம்பார். கடற்காற்று வீசிக்கொண்டிருந்தது. எவர்சில்வர் தட்டைப் பற்றி அன்று ஒன்று தெரிந்தது. போட்டவுடன் கையில் பிடிக்க முடியாத சூடு, ஐந்து நிமிடத்தில் உப்புமா கல். அகலமான தட்டில் பரப்பிய சோற்றைக் காற்று சும்மா விடுமா? மேசை இல்லாத இடத்தில் தட்டை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல். மடியில் வைத்தால் தொடை சுடுகிறது. தரையில் வைத்தால் மணல். மகன் நின்றுகொண்டே சாப்பிட்டான். அவன் தட்டில் இருந்த சாம்பாரில் பாதியைக் காடு குடித்தது.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெரிய வேலை. ஓடையில் பாத்திரம் கழுவக்கூடாது. தண்ணீரை மொண்டு, ஓடையிலிருந்து குறைந்தது 50 மீட்டர் தள்ளி வந்து கழுவ வேண்டும். சோப்பு நுரையும் எண்ணெயும் ஓடைக்குள் இறங்கிவிடக்கூடாது என்பதற்காக. பருக்கைகளை வடிகட்டிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சமைத்த பானையில் தண்ணீர் மொண்டு நான் நடக்க, நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மகள் வழிகாட்ட, நான்கு நடை போனோம். பதின்மூன்று பாத்திரத்துக்கு எட்டு லிட்டர் தண்ணீர் செலவானது. மிளகாய்ப்பொடி எண்ணெய் குளிர்ந்த தண்ணீரில் கரைவேனா என்று தட்டோடு ஒட்டிக்கொண்டது. இருட்டில் விரல் நுனிகள் மரத்துப்போக அதைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டே பாத்திரம் கழுவும் என் பழக்கம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

பிழையை எடையில் கண்டுபிடித்த நான், தீர்வையும் எடையிலேயே தேடினேன். அடுத்த பயணத்துக்கு முன்பு முகாம் பொருள் விற்கும் கடைக்குப் போய், அழுத்தினால் தட்டையாக மடங்கும் சிலிக்கான் கிண்ணங்கள் நான்கும், ஒரு முனை ஸ்பூன், மறுமுனை முள்கரண்டி என்று இருந்த பிளாஸ்டிக் கரண்டிகள் நான்கும் வாங்கினேன். கரண்டி ஒன்று 10 கிராம்கூட இல்லை. கடையிலேயே நான் பாதி மலை ஏறிவிட்டது போல மிதப்பில் இருந்தேன்.

மடங்கும் கிண்ணத்தின் சங்கதி இதுதான்: அது மடங்கும். நாம் விரும்பும்போது மட்டுமல்ல. சூடான சூப்பை ஊற்றி மகனிடம் நீட்டினேன். அவன் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்து வாங்கினான். சூடு ஏறி இளகிய பக்கச் சுவர் நெளிந்தது, அடிப்பாகம் ஒரு பக்கமாகச் சரிந்தது, சூப் முழங்கால்மேல். நல்லவேளையாகக் கொதிக்கக் கொதிக்க இல்லை. ஆனாலும் தோல் சிவந்துவிட்டது. சூடு பட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும் என்று இங்கே முதலுதவி வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். ஓடும் தண்ணீருக்குக் குழாய் ஏது? கடலோரமாக உட்காரவைத்து, மனைவியும் நானும் மாறி மாறிக் குடிநீர்ப் புட்டியிலிருந்து மெல்ல ஊற்றினோம். கொப்புளம் வரவில்லை. சிறுபிள்ளைகளுக்கு வாங்கும் கிண்ணத்தில் முதலில் பார்க்க வேண்டியது எடை அல்ல, வென்னீர் ஊற்றி ஒரு கையால் தூக்கினால் வடிவம் மாறாமல் நிற்கிறதா என்பது. அதை வீட்டுத் தொட்டியில் வைத்துச் சோதித்திருக்கலாம்.

கரண்டியின் கதை சுருக்கமானது. குளிரில் இறுகிய எலுமிச்சை சாதத்தைக் கிளறும்போது கழுத்தில் ஒன்று முறிந்தது. இன்னொன்றின் முள்முனை உணவுப் பையைக் குத்தி ஓட்டை போட்டது. சோறும் குழம்பும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த முள் எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நூடுல்ஸுக்கு உதவும் என்கிறாள் மகள். நூடுல்ஸை உடைத்துப் போட்டு வேகவைத்தால் ஸ்பூனே போதும்.

சிலிக்கானிடம் இன்னொரு குணமும் உண்டு. வாசனையை விடாது. சாம்பார்ப்பொடியும் பெருங்காயமும் ஒருமுறை ஏறிவிட்டால் பாலில் ஊறிய ஓட்ஸிலும் அதே மணம்தான். மஞ்சள் கறையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அன்றிரவு களைப்பில் ஒரு கிண்ணத்தைத் துடைத்து மட்டும் கூடாரத்துக்கு வெளியே வைத்துவிட்டோம். காலையில் அதன் விளிம்பில் பொடிப்பொடியாகப் பல் தடங்கள். புதருக்குள் வாழும் எலி ஒன்று எங்கள் சாம்பாரை ருசி பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. இந்தப் பூங்காவில் அண்டங்காக்கைகளும் கரவாங் என்ற கறுப்புப் பறவைகளும் முதுகுப்பையின் ஜிப்பையே திறக்கப் பழகியவை என்று ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். உணவை மட்டும் உள்ளே வைத்தோம். உணவின் வாசனையை வெளியே வைத்துவிட்டோம்.

மூன்றாவது முறை, கழுவுகிற வேலையே வேண்டாம் என்று இந்தியக் கடையிலிருந்து பாக்குமட்டைத் தட்டு வாங்கிப்போனோம். ஊரில் கல்யாணப் பந்தியில் அது அருமையான பொருள். அங்கே சாப்பிட்டதும் குழிக்குள் போகும், மண்ணாகும். இங்கே எரிக்கவும் முடியாது, புதைக்கவும் கூடாது. மூன்று வேளைக்குப் பன்னிரண்டு தட்டு, அத்தனையும் குழம்பு குடித்து ஊறியவை, பையில் கட்டி 10 கிலோமீட்டர் சுமந்து வந்தோம். போகும்போது இருந்ததைவிட வரும்போது கனம் அதிகம். காருக்குள் அந்த வாசனை ஒரு வாரம் இருந்தது.

இதற்கிடையில் நண்பர் ஒருவர் பழைய அலுமினியத் தட்டுகளைக் கொடுத்தார். தூக்கினால் இறகு. தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னபோது, “அதில் புளி ஆகாதே” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். முலாம் ஏறாத அலுமினியத்தில் புளியும் எலுமிச்சையும் பட்டால் உலோகம் கரைந்து சுவை கெடும். பித்தளைக்கு ஈயம் பூசிய தலைமுறைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடினப்படுத்திய மேற்பூச்சு உள்ள அலுமினியம் என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதன் விளிம்பு உதட்டைச் சுடும். அலுமினியம் சூட்டைக் கடத்துகிற வேகம் எவர்சில்வரைவிடப் பத்து மடங்குக்கும் மேல். மூங்கில் தட்டு என்று அழகான நிறங்களில் விற்பதையும் பார்த்தோம். அவற்றில் பல, மூங்கில் தூளை மெலமைன் என்ற பிளாஸ்டிக் பிசினில் குழைத்துச் செய்தவை. ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் அத்தகைய பொருள்களைச் சந்தையிலிருந்து அகற்றத் தனி நடவடிக்கையே எடுத்தது. சூடான உணவுக்கு அவை வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

நான்காவது பயணத்தின்போது கோயம்புத்தூரிலிருந்து அப்பா வந்திருந்தார். பல ஆண்டுகள் வெள்ளியங்கிரி ஏறியவர். ஏழு மலையையும் ஒரு மூங்கில் தடி, ஒரு கட்டுச்சோற்று மூட்டை என்று ஏறி இறங்குவார். சிறுவயதில் நானும் கூடப் போயிருக்கிறேன். வாழையிலையில் கட்டிய புளிச்சோற்றைப் பிரித்து, இலையிலேயே சாப்பிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு நடப்போம். அவர் தம் பெட்டியில் ஒரு தட்டு வைத்திருந்தார். எவர்சில்வர், சற்றுக் குழிவானது, அடியில் பாட்டியின் பெயரும் 1968 என்ற ஆண்டும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். 268 கிராம் என்று தராசில் காட்டினேன்.

“உன் பைக்குள்ளா வைக்கச் சொன்னேன்? என் பையில் இருக்கட்டும், கண்ணு” என்றார். அதற்குமேல் பேச்சில்லை.

அன்றிரவு சோறு குழைவாக வடிந்தது. மனைவி பருப்புப்பொடி போட்டுப் பிசைந்து எல்லோருக்கும் கொடுத்தாள். நான் வழக்கம்போலக் கழுவத் தண்ணீர் மொண்டுவரப் பானையைத் தேடினேன். அப்பா அதில் தண்ணீர் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். ரசப்பொடி, உப்பு, பெருங்காயம், அடுப்பை அணைத்ததும் அரைமூடி எலுமிச்சை. பருப்புச் சோறு ஒட்டியிருந்த கிண்ணங்களிலேயே ஆளுக்கு ஒரு குவளை அளவு ஊற்றினார்.

“அம்மணி, ஓரமெல்லாம் ஸ்பூனால் சுரண்டிக் கலக்கிக் குடி” என்றார் பேத்தியிடம். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு குடித்தாள். சூடான ரசம் நெய்யையும் பருப்பையும் பக்கவாட்டிலிருந்து இழுத்துக்கொண்டு இறங்கியது. அவள் கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் இரண்டு சீரகம்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாம்பார், ரசம், மோர் என்ற வரிசையில் தினமும்தானே சாப்பிடுகிறோம்? ஒவ்வொன்றும் முன்னதைக் கழுவிக்கொண்டு போகிறது. கடைசியில் மோர் ஊற்றி வழித்த தட்டில் கழுவ என்ன மிச்சம் இருக்கிறது? எண்ணெய் மிகுந்ததை முதலில், கெட்டியானதை நடுவில், நீராக இருப்பதைக் கடைசியில் என்று வைத்துக்கொண்டால் பாதிக் கழுவலை வயிறே செய்துவிடும். அந்தத் தண்ணீரும் வீணில்லை. நடந்து களைத்த உடம்புக்குத் தேவையான உப்பும் நீரும்தான். அதன்பிறகு கிண்ணத்துக்கு 50 மில்லி வென்னீர் விட்டு அலசி, ஒரு துணியால் துடைத்தோம். எட்டு லிட்டர் செலவான இடத்தில் கால் லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஓடை வற்றும் கோடையில் தண்ணீரையும் முதுகில் சுமக்க வேண்டியிருக்கும். அப்போது தட்டில் 100 கிராம் மிச்சம் பிடித்தேன் என்று பெருமைப்படுவதில் என்ன பொருள்?

அதற்குப் பிறகு எங்கள் பாத்திரப் பையே மாறிவிட்டது. தட்டு என்ற எண்ணத்தையே விட்டோம். ரசம் குடிக்க வேண்டுமானால் குழிவு வேண்டும், காற்றைத் தடுக்க மூடி வேண்டும். விடை எங்கள் சமையலறை அலமாரியிலேயே இருந்தது. உணவகத்தில் பார்சல் கட்டித்தரும் மூடிபோட்ட வட்டமான பிளாஸ்டிக் பெட்டி. மூடியோடு 35 கிராம். அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பாலிபுரொப்பிலீன், கொதிநீரைத் தாங்கும். சதுரமாக இருப்பது வேண்டாம், மூலைகளில் சோறு அடைந்துகொள்ளும். மூடியின் அருமை பயன்படுத்தினால்தான் தெரியும். அவலும் கொதிநீரும் போட்டு மூடி, ஒரு கம்பளித் தொப்பிக்குள் பத்து நிமிடம் வைத்தால் உப்புமா பதத்துக்கு வந்துவிடும். அடுப்பு எரிவாயுவும் மிச்சம். பாதி சாப்பிட்டுவிட்டுப் போதும் என்கிற மகனின் மீதிச் சாப்பாடு மூடிக்குள் பத்திரமாக இருக்கும், எலிக்குப் போகாது. இரண்டு மூன்று பயணத்தில் விளிம்பு வெடிக்கும். வெடித்ததை ஒதுக்கிவிட்டு அடுத்ததை எடுத்துக்கொள்கிறோம்.

குவளை தனியாக வேண்டும். ரசம் குடித்த பெட்டியில் காலைக் காபியைக் குடிக்க மனைவி ஒப்பவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. 40 கிராமில் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் குவளை ஆளுக்கு ஒன்று. இரட்டைச் சுவர் உள்ள உலோகக் குவளை சூட்டை நன்றாகக் காக்கும். ஆனால் அதை அடுப்பில் மட்டும் வைத்துவிடக்கூடாது. இடையில் அடைபட்ட காற்று விரிந்து வெடிக்கலாம்.

பணம் செலவழித்தது ஸ்பூனில்தான். நீளக் கைப்பிடி உள்ள டைட்டானியம் ஸ்பூன், ஒன்று 19 கிராம். வீட்டு எவர்சில்வர் ஸ்பூன் 38. முறியாது, வளையாது, வாசனை ஏறாது, புளிக்கு அசையாது. உணவுப் பையின் அடிவரை கையில் குழம்பு படாமல் எட்டும். டைட்டானியம் எடுக்கும் இல்மனைட் தாது குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கறுப்பு மணலாகவே கிடக்கிறது. கிடைப்பதற்கு அரிதல்ல, தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிப்பதுதான் பெருஞ்செலவு. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டபோது அந்த மணலில் சின்ன வயதில் விளையாடியது நினைவுக்கு வந்து சிரித்துக்கொண்டேன். வாங்கினால் கைப்பிடியில் நிறமுள்ள நூலைச் சுற்றிவிடுங்கள். சாம்பல் நிற ஸ்பூன் சருகுக்குள் விழுந்தால் கண்ணுக்குத் தெரியாது. எங்களுடையதில் ஒன்று அப்படித்தான் அரைமணி நேரம் தேடவைத்தது. சிவப்பு மகளுக்கு, பச்சை மகனுக்கு. ஒருவர் ஸ்பூனை ஒருவர் எடுப்பதில்லை. கூடாரத்தில் ஒரு பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு வந்தால் மறுநாள் நான்கு பேருக்கும் வரும்.

கையால் சாப்பிடுகிறவர்களுக்கு ஸ்பூன் எதற்கு என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. வீட்டில் நானும் கையால்தான் சாப்பிடுகிறேன். ஆனால் அதற்குச் சாப்பிடுவதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், அதற்குத் தண்ணீர் வேண்டும். கிருமிநாசினித் திரவம் போதாதா என்றால், வயிற்றுப்போக்கு வரவழைக்கும் நோரோ வைரஸிடம் அதற்கு அவ்வளவு வலு இல்லை. அப்பா கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டுத் தம் பங்குத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு, பாட்டியின் தட்டில் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார்.

அந்தத் தட்டைப் பற்றி நான் நினைத்தது தவறாகப் போயிற்று. ஒரு தட்டு இருந்ததால் பானைக்கு மூடி கிடைத்தது. கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வெங்காயம் நறுக்கினோம். மணலில் நிற்காமல் சாய்ந்த அடுப்புக்கு அது தட்டையான தளமாயிற்று. காலையில் மகனுக்குத் தோசைபோல ஏதோ வேண்டும் என்று அடம், மாவைக் கரைத்து அதில் ஊற்றி வார்த்துக் கொடுத்தார் அப்பா. பாதி கருகல், பாதி பச்சை. அவன் முழுவதையும் தின்றான். ஆளுக்கு ஒரு தட்டு என்றால் சுமை. குடும்பத்துக்கு ஒரு தட்டு என்றால் கருவி. அப்பா ஊருக்குத் திரும்பும்போது அதை இங்கேயே விட்டுவிட்டுப் போனார். இப்போது எங்கள் கணக்கு: பெட்டி 140, ஸ்பூன் 76, குவளை 160, தட்டு 268, ஆக 644 கிராம். குறைக்கலாம்தான். குறைக்கப் போவதில்லை.

பார்சல் பெட்டிகளோடு போன முதல் பயணத்தின் கடைசிக் காலையில் மகன் வெகுநேரம் குனிந்து எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். கூடாரத்து முளையாணியால் தன் பார்சல் பெட்டியின் அடியில், புள்ளி புள்ளியாகக் குத்தித் தன் பெயரின் முதலெழுத்தையும் ஆண்டையும் வெட்டிக்கொண்டிருந்தான். அடுத்த பயணத்திலேயே அதன் விளிம்பு வெடித்துவிட்டது. குப்பைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டான். தட்டுக்குப் பக்கத்தில், அலமாரியின் மேலடுக்கில் இருக்கிறது.